விரலை எடுத்தால் நின்றுவிடும்

மாமியார் ஆசைப்பட்டால் சுபிக்ஷா எழுந்து நின்றாக வேண்டும். மரியாதைக்காக அல்ல. கணவன் லோகேஷ் ரிமோட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்துவான். அவளுடைய தொடைகள் இறுகும், முழங்கால்கள் நீளும், சக்கர நாற்காலியிலிருந்து உடம்பு மேலே எழும். நெஞ்சுக்குக் கீழே அவளுக்கு ஒன்றுமே தெரியாது. எதிரில் இருப்பவர்களின் முகங்கள் கீழே இறங்குவதைப் பார்த்துத்தான் தான் நிற்பதைத் தெரிந்துகொள்வாள்.

வளைகாப்பன்றும் அதுதான் நடந்தது. வால்பாறை எஸ்டேட்டின் சின்ன மண்டபம். இரண்டு கை நிறைய வளையல்களோடு சுபிக்ஷா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"லோகு, பொள்ளாச்சிப் பெரியம்மா வந்திருக்காங்க பாரு. ஒரு தடவ நிக்க வையேன்ப்பா," என்றாள் மாமியார் ஜெயந்தி.

"வேண்டாங்க," என்று சுபிக்ஷா கணவனிடம் மெல்லச் சொன்னாள். "காலைலருந்து தல சுத்துது."

"ஒரே நிமிஷம், சுபி. போட்டோ எடுத்ததும் உக்கார வெச்சுடறேன்."

அவன் அழுத்தினான். அவள் எழுந்தாள். கூடத்தில் கைதட்டல் எழுந்தது. ஒரு கிழவி கிட்டே வந்து, கோயில் தூணைத் தொடுவதுபோல அவள் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். லோகேஷ் கெட்டவனில்லை. விபத்துக்குப் பிறகு, "இந்தப் பொண்ண வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். அவள் நிற்பதை அவர்கள் பார்க்க வேண்டும் என்று அவன் விரும்பினான். அதனால் ஒரு நிமிடம் நீண்டுகொண்டே போனது. அவள் கண்கள் இருட்டி, உதடு வெளுத்த பிறகுதான் விரலை எடுத்தான்.

விபத்துக்கு முன் சுபிக்ஷா யானைத் தகவல் மையத்தில் வேலை பார்த்தாள். எந்த எஸ்டேட் பக்கம் யானைக் கூட்டம் நிற்கிறது என்று தொழிலாளர்களுக்குச் செய்தி அனுப்பும் வேலை. பழுதான எச்சரிக்கை விளக்கைப் பார்க்கப் போனபோது பனிமூட்டத்தில் ஜீப் உருண்டது. முதுகுத்தண்டுவடம் மேல்முதுகில் அறுந்தது. கைகள் தப்பின. வேலையும் தப்பியது, வீட்டிலிருந்தே செய்தாள்.

ஒரு வருடம் கழித்துக் கோவையில் அவளுக்கு அந்தக் கருவியைப் பொருத்தினார்கள். அதற்கு முன்னால் டாக்டர் வஹீதா அவளை உட்கார வைத்து விளக்கினாள்.

"மூளை சொல்றது கீழ போய்ச் சேரல, அவ்வளவுதான். கால்ல, வயித்துல இருக்கற நரம்பெல்லாம் உயிரோடதான் இருக்கு, சும்மா காத்துட்டு இருக்கு. அதச் சுத்தி மெல்லிசா பட்டை கட்டித் துளித்துளியாக் கரண்ட் குடுப்போம். கரண்ட் கம்மியா இருந்தா சதை லேசா இறுகும், கூட்டினாப் பலமா இறுகும்."

"எவ்வளவு போதும்னு காலுக்கு எப்படிங்க மேடம் தெரியும்?"

வஹீதா சிரித்தாள். "நல்ல கேள்வி. தெரியாது. நாம ஒரு முட்டைய உடையாம எடுக்கறோம்னா, கை மூளைக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருக்கு. உனக்கு அந்தப் பதில் வராது. அளவு வெளியிலருந்துதான் வரணும்."

முதல் மாதம் ரிமோட் சுபிக்ஷாவிடம்தான் இருந்தது. ஒருநாள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் வெளியே பெய்த மழையில் தன்னை மறந்தாள். கணுக்கால் உள்பக்கமாக மடங்கி எலும்பு முறிந்தது அவளுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் பாதம் பூசணிக்காய்போல வீங்கியதைப் பார்த்து ஜெயந்திதான் அலறினாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியின் கருவிப் பிரிவில் ரிமோட்டை லோகேஷின் கட்டைவிரல் ரேகைக்கு மாற்றினார்கள். அதில் பலத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சக்கரமும், விரல் வைக்க ஒரு வட்டமும் இருந்தன. வட்டத்தில் அவன் விரல் இருக்கும்வரை கரண்ட் போகும். எடுத்தால் நின்றுவிடும். அன்றிலிருந்து காலையில் அவள் எப்போது நிமிர்ந்து உட்கார வேண்டும், சளியை எப்போது இருமித் துப்ப வேண்டும் என்பதற்கெல்லாம் அவனைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவன் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தால் காத்திருக்க வேண்டும்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் வஹீதா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "உனக்கு இடுப்பு வலி தெரியாது, சுபிக்ஷா. மண்டையப் பொளக்கற மாதிரி தலைவலி வரும், முகமெல்லாம் வேர்க்கும். அதுதான் உனக்குப் பிரசவ வலி. கீழ நடக்கறது புரியாம உடம்பு பயந்து போய் பிரஷர ஏத்தும். அப்ப ஒரு நிமிஷமும் வீட்ல இருக்கக் கூடாது."

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் கோவையில் போய்த் தங்கிவிடுவதாக இருந்தார்கள். குழந்தை அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டது.

மூன்றாவது நாளாக விடாத மழை. மதியம் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த சுபிக்ஷாவின் பின்மண்டையில் யாரோ ஆணி அடித்தார்கள். நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் வடிந்தது. கைகளில் மயிர் சிலிர்த்து நின்றது. அவள் வயிற்றைப் பார்த்தாள். அது கல்லாக இறுகி, மெதுவாக இளகியது.

"அத்த!" என்று கத்தினாள். "அவருக்குப் போன் பண்ணுங்க. வந்துடுச்சு."

ஆம்புலன்ஸ் வந்தது. நர்ஸ் ஆரோக்கியமேரி அவளைப் படுக்க விடாமல் சாய்த்து உட்கார வைத்தாள். படுத்தால் ரத்த அழுத்தம் இன்னும் ஏறும். லோகேஷ் ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினான். மலைப்பாதையில் பாதி தூரம் இறங்குவதற்குள் வண்டி நின்றுவிட்டது. எதிரே ரோட்டைக் காணோம். மரங்களும் சேறுமாக ஒரு மேடுதான் இருந்தது. வந்த வழியே திரும்பலாம் என்று டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் அங்கேயும் மண் சரிந்து கிடந்தது.

"கீழருந்து ஜேசிபி கிளம்பிடுச்சாம்," என்றார் டிரைவர், மழையில் நனைந்து திரும்பி வந்து. எப்போது வந்து சேரும் என்று அவர் சொல்லவில்லை.

ஆரோக்கியமேரி ஒரு மாத்திரையைச் சுபிக்ஷாவின் வாயில் போட்டாள். அழுத்தம் கொஞ்சம் இறங்கியது. பிறகு முன்னைவிட வேகமாக ஏறி இருநூறைத் தாண்டியது. நர்ஸ் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு லோகேஷின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, இது ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது. இங்கயேதான்."

போனில் வஹீதா கிடைத்தாள். குரல் விட்டுவிட்டு வந்தது.

"லோகேஷ், ரிமோட்ட வயித்துப் பட்டைக்கு மாத்துங்க. கர்ப்பப்பை தானாச் சுருங்கும். அது சுருங்கறப்போ நீங்களும் சேர்ந்து அழுத்துங்க, இளகறப்போ விட்டுடுங்க. குழந்த வெளிய வந்துட்டா பிரஷர் தானா இறங்கும். ஆனா பாதிக்கு மேல போகாதீங்க. மேல போனா அந்த இறுக்கமே பிரஷர ஏத்தி விட்டுடும். தலைக்குள்ள ரத்தக்குழாய்…"

"பாதியில வரலைன்னா மேடம்?"

பதில் வரவில்லை. போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

லோகேஷ் சக்கரத்தைப் பாதியில் வைத்தான். வயிறு இறுகியபோது நர்ஸ் கை காட்டினாள், அழுத்தினான். இளகியபோது விட்டான். சுபிக்ஷாவின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. அவள் கத்தவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். பல தடவை அழுத்திய பிறகும் குழந்தையின் தலை தெரிந்த இடத்திலேயே நின்றது.

ஆரோக்கியமேரி வயிற்றில் துடிப்புப் பார்க்கும் கருவியை வைத்துக் கேட்டாள். "பாப்பாவுக்குத் துடிப்பு கொறையுது," என்றாள்.

"கூட்டுங்க," என்றாள் சுபிக்ஷா.

"டாக்டர் வேண்டாம்னாங்க."

"கூட்டுங்க. அது மூச்சு முட்டிக்கிட்டு நிக்குது."

"உனக்கு ஏதாவது ஆயிடும் சுபி. புரிஞ்சுதான் பேசறியா? தலைக்குள்ள வெடிச்சிரும்னு சொல்றாங்க."

"எனக்கு இப்பவே வெடிச்சுக்கிட்டுதான் இருக்கு. இப்படியே இருந்தா ரெண்டு பேருமே இல்ல."

லோகேஷ் வட்டத்திலிருந்து விரலை எடுத்துவிட்டான். ரிமோட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டான், அடித்துப் பிடுங்க வருகிறவளிடமிருந்து மறைப்பதுபோல. "மாட்டேன். என் கையால உன்னக் கொல்ல மாட்டேன்," என்று அழுதான். "ஜேசிபி வந்துரும். கொஞ்ச நேரம்…"

"தம்பி, கொஞ்ச நேரம் பாப்பாவுக்கு இல்ல," என்றாள் நர்ஸ்.

சுபிக்ஷா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அன்று கூப்பிட்டாள். "லோகேஷ். இங்க பாரு. உன்ன அழுத்தச் சொல்லல. விரல மட்டும் குடு. அது என்னோட வயிறு. என்னோட தலை. நான் பாத்துக்கறேன். விரல மட்டும் குடுடா."

அவன் ரிமோட்டை அவள் மடியில் வைத்தான். கட்டைவிரலை வட்டத்தின் மேல் கொண்டுபோனான். அது தொடுமுன்பே விலகியது. சுபிக்ஷா இடது கையால் அவன் விரலைப் பிடித்து வட்டத்தில் வைத்து, தன் விரல்களால் இறுக்கி அழுத்தினாள். வலது கையால் சக்கரத்தைத் திருப்பினாள். முக்கால். அதற்கும் மேலே.

அவள் வயிறு பலகையாக இறுகியது. உடம்பு முன்னால் மடங்கியது. வளையல்கள் அவன் மணிக்கட்டில் அழுந்தி ஒன்று உடைந்தது. "வருது, வருது, விடாதம்மா," என்று ஆரோக்கியமேரி கத்தினாள். சுபிக்ஷா விடவில்லை. மழைச் சத்தத்துக்கு நடுவே ஏதோ வழுக்கி விழும் சத்தம். ஒரு நொடி அமைதி. பிறகு மெலிந்த, கோபமான ஓர் அழுகை.

"பொண்ணு," என்றாள் நர்ஸ்.

லோகேஷ் மனைவியின் பக்கம் திரும்பினான். அப்போதுதான் அவன் விரலைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அவளாக எடுக்கவில்லை. அது தானாகச் சரிந்து படுக்கையின் ஓரத்தில் தொங்கியது. அவளுடைய வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

மூளையில் ரத்தக்கசிவு. கோவையில் ஆபரேஷன் செய்தார்கள். அவள் கண் விழித்துப் பேச வெகுநாள் ஆனது. பேச்சு குழறலாக வந்தது, ஆனால் வந்தது. இடது கை மட்டும் வரவில்லை. தோளுக்குக் கீழே அது வேறு யாருடையதோபோலப் பக்கத்தில் கிடந்தது. நான்கு கைகால்களில் மிஞ்சியது ஒன்று.

"நான் கூட்டினதாலதான் இப்படி ஆச்சா மேடம்?" என்று லோகேஷ் வராந்தாவில் வஹீதாவை மறித்துக் கேட்டான். நடந்தது முழுவதையும் அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"தெரியாது, லோகேஷ். கூட்டினதால வந்திருக்கலாம். சீக்கிரமாக் கூட்டியிருந்தா வராமலும் இருந்திருக்கலாம். எந்த ஸ்கேன்லயும் அது தெரியாது."

அந்த இரண்டாவது வாக்கியம் அவனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ரிமோட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்ற நேரத்தை நினைத்து நினைத்துப் பார்த்தான். அவனால் சாப்பிட முடியவில்லை.

சுபிக்ஷாவுக்கு ஆம்புலன்சில் ஏறிய பிறகு நடந்தது எதுவும் நினைவில் இல்லை. ஒருநாள் கேட்டாள். "யாரு அழுத்தினது?"

"நான்தான்," என்றான் லோகேஷ். கை போனதற்குத் தானே காரணம் என்று அவள் நினைத்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஜெயந்தி, "எம் பையன் மட்டும் தைரியமா அழுத்தலைன்னா ரெண்டும் போயிருக்கும்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் சுபிக்ஷா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். பாலுக்குக் குழந்தையைக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வாள். பால் குடித்ததும், "எடுத்துக்கிட்டுப் போங்க," என்பாள். சாப்பாட்டை ஊட்டினால் விழுங்குவாள். வேறு பேச்சில்லை. இவள் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று லோகேஷுக்குத் தோன்றியது.

ஒரு சாயங்காலம் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது அவனுக்குத் தாங்கவில்லை.

"பொய் சொல்லிட்டேன் சுபி," என்றான். "நான் அழுத்தல. நான் பயந்துபோய் ரிமோட்ட ஒளிச்சு வெச்சேன். நீதான் என் விரலப் புடிச்சு வெச்சு அழுத்தின. சக்கரத்தையும் நீதான் திருப்பின. நான் வேண்டாம்னு அழுதேன்."

அழுவாள் என்று நினைத்தான், திட்டுவாள் என்று நினைத்தான். அவள் வலது கையைக் குறுக்கே நீட்டி, செத்த இடது கையைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தாள்.

"இத்தன நாளா, என் கையும் உங்க ரிமோட்ல போயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள். குழறலில் ஒவ்வொரு சொல்லாக வந்தது. "அப்ப யாரும் பிடுங்கல. நான்தான் குடுத்திருக்கேன்."

"நான் உடனே விரலக் குடுத்திருந்தா…"

"தெரியாது. எனக்கும் தெரியாது. பாப்பாவக் கொண்டு வாங்க."

கைக்கும் பட்டை பொருத்தலாம் என்று வஹீதா சொன்னாள். நரம்பு நன்றாக இருக்கிறது. முழங்கை மடங்கும், குழந்தையை அணைத்துப் பிடிக்கலாம். பொருத்தினார்கள். புண் ஆறியதும், ரிமோட்டில் விரல் ரேகையைப் பதிவு செய்யக் கருவிப் பிரிவிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார்.

"சார், உங்க கட்டைவிரல்," என்று லோகேஷிடம் நீட்டினார்.

"என்னுது வேண்டாம். அவளோடதப் பதிங்க."

"அப்படி முடியாதுங்க. உணர்வு இல்லாத உறுப்போட பலத்த, உணர்வு உள்ள ஒருத்தர்தான் கட்டுப்படுத்தணும். அது விதி. மேடத்துக்குக் கால் முறிஞ்சது உங்களுக்கே தெரியும். இது குழந்த விஷயம் வேற. அளவு தப்பினா என்ன ஆகும்னு யோசிங்க."

"நான் பதிய மாட்டேன்," என்றான் லோகேஷ்.

"அப்ப கருவிய ஆன் பண்ண முடியாதுங்க. வேற வழியில்ல."

ஜெயந்தி மகனின் கையைப் பிடித்தாள். "வீம்பு பண்ணாத லோகு, வைப்பா விரல." அவன் கையை உதறினான். அதிகாரி பெட்டியை மூட ஆரம்பித்தார்.

"சார்," என்று சுபிக்ஷா கூப்பிட்டாள். எல்லாரும் திரும்பினார்கள். "உணர்வுள்ள ஒருத்தர் வேணும். அவ்வளவுதானே விதி?"

"ஆமாங்க."

"நான் புடிக்கப் போறது என் பொண்ண. அவளுக்கு எல்லா உணர்வும் இருக்கு. இறுக்கினா அழுவா. விட்டா பயப்படுவா. எனக்கு வேண்டிய பதில அவ சொல்லுவா. உங்க விரலவிட, என் வீட்டுக்காரர் விரலவிட அவளுக்கு நல்லாத் தெரியும்."

அதிகாரி வஹீதாவைப் பார்த்தார். வஹீதா படுக்கையின் அருகே வந்தாள். "இந்த ரூம்ல வெச்சு, என் கண்ணு முன்னாடி. என் பொறுப்புல," என்றாள். "சரிவரலைன்னா நானே நிறுத்திடுவேன். பதிங்க."

படுக்கையில் தலையணைகளை அடுக்கினார்கள். லோகேஷ் குழந்தையைச் சுபிக்ஷாவின் மார்போடு சேர்த்து வைத்தான். அவள் வலது கையில் ரிமோட்டை வாங்கி, வட்டத்தில் தன் கட்டைவிரலை வைத்தாள். ஆள்காட்டி விரலால் சக்கரத்தைத் தள்ளினாள். இடது முழங்கை மடங்கியது. முன்கை குழந்தையின் முதுகுக்குப் பின்னால் வந்து மூடியது. அவளுக்கு எதுவும் தெரியவில்லை. குழந்தையின் முகம் சிவந்தது, கால்கள் உதைத்தன, வாய் திறந்தது. பதறிப்போய்ச் சக்கரத்தை முழுக்கக் குறைத்துவிட்டாள். கை சட்டென்று திறந்துகொண்டது. குழந்தை தலையணையில் சரிந்து வீறிட்டது.

லோகேஷ் பாய்ந்தான். "கிட்ட வராதீங்க!" என்று கத்திவிட்டு சுபிக்ஷா உடைந்து அழுதாள். அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். "போதும் மேடம்," என்றார் வஹீதாவிடம். வஹீதா அவர் பக்கம் திரும்பவில்லை. நிறுத்தவும் இல்லை.

அந்தக் கூச்சலுக்கு நடுவே ஜெயந்தி முன்னால் வந்தாள். பேத்தியைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினாள். அழுகை விக்கலாக அடங்கியது. அவள் மருமகளின் முன்னால் போய் நின்றாள்.

"மறுபடி வெக்கட்டுமா?" என்று கேட்டாள். "வேண்டாம்னா வெக்கல. நீ சொல்லு."

சுபிக்ஷா முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "வெய்யுங்கத்த. தலைய இந்தப் பக்கமா."

இந்த முறை சக்கரத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். கையைப் பார்க்கவேயில்லை. மகளின் முகத்தை மட்டும் பார்த்தாள். கை மெதுவாக வந்து முதுகைத் தொட்டது. புருவம் சுருங்கியது, குறைத்தாள். குழந்தையின் சின்ன முஷ்டி திடுக்கிட்டுக் காற்றில் விரிந்தது. ஒரு துளி கூட்டினாள். முஷ்டி மூடியது. உதடு பிதுங்கியது. பிதுங்கிய உதடு மெல்லத் தளர, குழந்தை பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது.

"இவ்வளவுதானா?" என்று சுபிக்ஷா மகளிடம் கேட்டாள். "இது போதுமா உனக்கு?"

கட்டைவிரலை அவள் அசைக்கவில்லை. குழந்தை தூங்கிவிட்டது.